எரியும் பனிக்காடு: மேஸ்திரியும் கங்காணியும்

நெல்லியாளத்தில் ‘எரியும் பனிக்காடு’ நாவலைப் பேச எடுக்கும்போதெல்லாம் கூட்டம் இரண்டாகப் பிரிவதைக் கண்டிருக்கிறோம். இதில் வியப்பில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியோருக்கு வேலையளிக்கவென்று அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்த பகுதி இது. லயத்து வாழ்வை இங்குள்ளோர் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆசிரியர் பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என 1969இல் வெளிவந்த நூலை இரா. முருகவேள் 2007இல் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையின் கருப்பனும் வள்ளியும் முன்பணம் பெற்று மலையேறிச் சிக்கும் கதை.

சண்டை பெரும்பாலும் மேஸ்திரியிடம்தான் தொடங்கும். ‘ஆள்பிடித்து ஏமாற்றியவனையே நம்மவர் என்று காட்டிவிட்டால் துரை தப்பிவிடுகிறானே’ என்பர் ஒரு சாரார். இலங்கை மரபினரோ, கங்காணி ஊராரையும் உறவினரையும் கூட்டிச்சென்ற பெரியதனக்காரர், அவரை இந்த மேஸ்திரியோடு சேர்க்கலாகாது என்பர். எனினும் கடனை எழுதிய ‘துண்டு’ முறை அங்கும் இருந்தது, 1921இல்தான் தடைசெய்யப்பட்டது. இங்கோ முன்பணம் பெற்றவன் வேலையை விட்டகன்றால் தண்டிக்க 1859ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தது. 1925இல்தான் அதனை நீக்கச் சட்டம் இயற்றினர். மேஸ்திரியின் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் நீதிமன்றம் நின்றது என்பதை மறந்து மேஸ்திரியை மட்டும் வைவது நியாயமன்று என்பது நம் கருத்து.

2013இல் வந்த பாலாவின் ‘பரதேசி’ சண்டையை வேறு திசைக்குத் திருப்பிற்று. நாவலில் தொழிலாளர்க்காகப் பரியும் மருத்துவர், படத்தில் ஆடிப்பாடி மதம் மாற்றுபவராகிவிட்டார். படத்தை மட்டும் பார்த்துவிட்டு நூலை ஏசியோரும் உண்டு. (அவர்களிடம் வாதாடி நாம் வென்றதில்லை.)

நடை அறிக்கைபோல் இருக்கிறது என்னும் குறையை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நோயும் சாவும் வரும் பக்கங்களில் அந்த வறட்சியே பொருந்துகிறது. மருத்துவர் எண்ணிய பிணங்கள் அவை.

சென்ற கூட்டத்தில் இரு சாராரும் உரத்துப் பேசியபின் மூதாட்டி ஒருவர் எழுந்தார். “எங்கப்பாவும் கங்காணிதான். தலைக்காசும் வாங்குனாரு, செத்தா தூக்கவும் போனாரு. ரெண்டையும் எழுதுங்க சார்” என்றார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கடைசிப் பேருந்துக்கு ஓடினோம்.