கமாவின் விலை 50 லட்சம் டாலர்

பழைய கிரேக்கச் சுருள்களில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. எழுத்துகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கே நிறுத்துவது என்பது வாசிப்பவர் பாடு. கி.மு. 200-ஐ ஒட்டி அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ் இதற்கு ஒரு வழி கண்டார். மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். எந்த உயரம் என்பதைப் பார்த்து எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளலாம். மிகச் சிறிய நிறுத்தம் வரும் வாக்கியத் துண்டுக்குப் பெயர் 'கொம்மா'. அன்று அது இலக்கணக் குறி அல்ல; உரக்கப் படிப்பவர் மூச்சு வாங்கும் இடம்.

வால் முளைத்த இன்றைய கமா வெனிஸ் அச்சுக்கூடத்தின் கொடை. ஆல்டஸ் மனூஷியஸ் 1496-இல் அச்சிட்ட 'தே ஏட்னா' நூலில் அதைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1476-இல் அச்சகம் தொடங்கிய வில்லியம் காக்ஸ்டன் சாய்கோடுதான் போட்டுவந்தார். பதினாறாம் நூற்றாண்டில் சாய்கோடு மெல்ல ஒதுங்க, அந்த இடத்தைக் கமா பிடித்துக்கொண்டது.

மௌன வாசிப்பு பெருகப் பெருக, மூச்சின் கணக்கு போய் இலக்கணத்தின் கணக்கு வந்தது. லிண்ட்லி மரே 1795-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணம் கமாவுக்கென்றே விதிகளை அடுக்கியது. அக்கால எழுத்தில் நீண்ட எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே கமா வருவது சாதாரணம். இன்று அப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். 1906-இல் ஆங்கில நடை பற்றி எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் அளவுக்கு மீறிய நிறுத்தக்குறிகளைச் சாடினார்கள்.

சட்டத்தில் இடம் மாறினால் கமா கஜானாவையே கரைக்கும். 1872-இல் அமெரிக்கச் சுங்க வரிச் சட்டம் பழச்செடிகளுக்கு விலக்குத் தர நினைத்தது. இணைப்புக்கோடு வரவேண்டிய இடத்தில் கமா விழுந்துவிட, பழமும் வரியின்றி இறங்கியது. அரசுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் நஷ்டம்.

இன்னும் தீராத சண்டை, பட்டியலின் கடைசியில் 'அண்ட்', 'ஆர்' சொற்களுக்கு முன் கமா வேண்டுமா என்பது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வேண்டும் என்கிறது. பல செய்தித்தாள்கள் தேவையில்லை என்கின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டத்தில், கூடுதல் நேர ஊதியம் பெறாத வேலைகளின் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' (அனுப்புவதற்குப் பொட்டலமிடுதல் அல்லது விநியோகம்) என்று முடிந்தது. 'ஆர்' சொல்லுக்கு முன் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, பொட்டலமிடுதலின் பகுதியா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் பாலை விநியோகித்தார்கள், பொட்டலமிடவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம். தீர்ப்புக்குப் பிறகு மெய்ன் சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தி, கமாக்களுக்குப் பதில் அரைப்புள்ளிகளைப் போட்டது.