நாயோடு கொடைக்கானல்: ஏரியின் கதையும் நம் பயணமும்



தீபாவளி வந்தால் நம் வளாகத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "நாலு நாள் கொடைக்கானல் போயிரலாமா?" ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சோறு போடுவது பட்டாசு. அதைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் மனம் வராது. ஆனால் மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கும் பிராணியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புறப்படுமுன் நாம் போகும் ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பயணத் திட்டத்துக்கும் அது உதவும்.

கொடைக்கானலே தப்பித்து வந்தவர்கள் உண்டாக்கிய ஊர்தான். 1834-ல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலாலும் காலராவாலும் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-ல் பழனி மலையில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இரண்டு பங்களாக்கள் கட்டிக் குடியேறினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த மலைகளில் பளியர்களும், மலைக் கிராமங்களில் உழவர்களும் வாழ்ந்து வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்போது அங்கே இன்றைய ஏரி கிடையாது. ஓடைகள் பாயும் சதுப்பு நிலம்தான் இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் அந்த ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. நட்சத்திர வடிவில் சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியைச் சுற்றி வர இன்று ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்தக் காலத்தில் நம் பகுதி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரத்தோடு சேர்ந்தது. 1985-ல் விருதுநகர் மாவட்டமானது.

1875-ல் ரயில் மதுரை வரை வந்த பிறகு, கொடை ரோட்டில் இறங்கி மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக்குப் போவார்கள். அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ, நடந்தோ ஏற வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வந்தது. பழைய பாதையில் ஒரு நாய் சந்தோஷமாக நடந்தே ஏறியிருக்கும். இன்றைய கொண்டை ஊசி வளைவுகளில் காரின் பின்சீட்டில் அது வாந்தி எடுக்கிறது. அதனால் ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் கொடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி வழியாகப் போனால், வத்தலக்குண்டில் ஒரு முறை இறக்கி நடக்க விட்டு, பிறகு மலை ஏறுங்கள்.

இனி நம் நாய்களின் வரலாறு. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் நமக்குப் பக்கத்து ஊர்கள். தேனிப் பக்கம் கோம்பை. மூன்றும் நாய் இனங்களுக்குப் பெயர் கொடுத்த ஊர்கள். வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் ராஜபாளையம் நாயை, பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்தார்கள். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய்த் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. ஆனால் தூய வெள்ளைதான் வேண்டும் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்த்ததால், சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் பிறக்கின்றன.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ராஜபாளையம் குட்டி வளர்ந்தது. முதல் தீபாவளிக்கு ஊரே அதிர்ந்தபோது அது வாசலில் நிம்மதியாகத் தூங்கியது. "பட்டாசு ஊரு நாயில்லா!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்தோம். அடுத்த கோடையில் கொடைக்கானல் போனபோது, ஏரிச் சாலையில் கயிற்றை அவிழ்த்து விட்டேன். பின்னால் ஒரு வாடகைக் குதிரை ஓட்டமாக வந்தது. கத்தினேன், என் மனைவி கத்தினார், குதிரைக்காரரும் கத்தினார். நாய் திரும்பவே இல்லை. குதிரைக்காரர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்ததால் பிழைத்தது. ஒரு வருடமாக அதைத் தைரியசாலி என்று நம்பியிருந்தோம். அன்றுதான் அதற்குக் காது கேட்காது என்று தெரிந்தது. அதன் பிறகு கைச்சைகை கற்றுக்கொடுத்தோம். பதினோரு வருடம் எங்களோடு இருந்தது.

ஆகவே உங்களிடம் முதல் வேண்டுகோள்: பயணத்துக்கு முன் உங்கள் நாய் அசந்திருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது திரும்பவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஏரிச் சாலையில் குதிரையும் வாடகைச் சைக்கிளும் ஓடுவதால் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

மற்றவை:

• 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. புறப்படுமுன் அன்றைய விதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

• 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு அங்கே தடை. நாய்க்குத் தண்ணீர் எவர்சில்வர் தூக்கில் போகட்டும்.

• வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டைக் கையில் வையுங்கள். விடுதியில் நாய்க்கு அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

• சுற்றியுள்ள காடு 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்கு நோய் பரவக்கூடும். பேரிஜம் போன்ற வனப்பகுதிகளுக்கு நாயைக் கொண்டுபோக வேண்டாம்.

• ஊருக்குள்ளேயே காட்டுமாடுகள் நடமாடும். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் நாயை வெளியே கூட்டிப்போகாதீர்கள்.

• அங்கேயும் தீபாவளி உண்டு. பஜாரை விட்டுத் தள்ளியிருக்கும் வீடாகப் பாருங்கள்.

எல்லோராலும் கொடைக்கானல் போக முடியாது. தீபாவளிக்கு முந்தைய நாள் வரை ஆலையில் வேலை இருக்கும் வீடுகள் நம்மிடையே பல. அவர்களுக்காக இரண்டாவது வேண்டுகோள். அரசு அறிவித்துவரும் நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அந்த நேரத்துக்குள், கார் நிறுத்தும் இடத்தை விட்டுத் தள்ளி, வெளி மைதானத்தில் வெடியுங்கள். நாய் வைத்திருப்போர் அதற்கு முன்பே நடை முடித்து, உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓடட்டும் என்று விட்டு, கூடவே இருங்கள். இரண்டு மணி நேர ஒத்துழைப்புதான். பிள்ளைகளுக்கும் மத்தாப்பு உண்டு, நாய்க்கும் தூக்கம் உண்டு.

போகிறவர்கள் பத்திரமாகப் போய் வாருங்கள். ஏரிக்கரையில் எடுத்த படத்தை அடுத்த இதழுக்கு அனுப்புங்கள், கழுத்தில் கயிறு தெரியும்படி!