ஷல், வில் - ஒரு கணக்கு வாத்தியார் பார்த்த வேலை

ஆங்கிலேயர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிச் சிரிக்கும் ஒரு கடி ஜோக் உண்டு. அயர்லாந்துக்காரர் ஒருத்தர் (சில சமயம் ஸ்காட்லாந்துக்காரர், சொல்பவருக்கு யாரைப் பிடிக்காதோ அவர்) தண்ணீரில் விழுந்து, "ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ" என்று கத்துகிறார். கரையில் நின்ற இங்கிலீஷ்காரர்கள், "சாவதுன்னு முடிவே பண்ணிட்டாரு, யாரும் காப்பாத்தக் கூடாதாம்" என்று மரியாதையாக விலகிப் போய்விட்டார்களாம்.

சிரிப்பு வரலையா? பரவாயில்லை, எனக்கும் வரலை. ஐ, வீ வந்தால் ஷல், மற்றதுக்கெல்லாம் வில். உறுதியாகவோ மிரட்டலாகவோ சொன்னால் அப்படியே தலைகீழ். இந்த ரூல் தெரிந்தால்தான் ஜோக். ரென் அண்ட் மார்ட்டின் வைத்துப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதைத் தெளிவாக வரிசைப்படுத்தியவர் ஜான் வாலிஸ், 1653-ல் (லேசாகத் தொட்டவர்கள் முன்பே உண்டு). மனுசன் இங்கிலீஷ் வாத்தியாரே இல்லை! ஆக்ஸ்ஃபோர்டில் ஜியாமெட்ரி பேராசிரியர். படுத்த எட்டு மாதிரி இருக்குமே இன்ஃபினிட்டி குறி, அதை 1655-ல் கொண்டுவந்தவர் இவர்தான். உள்நாட்டுப் போரில் பார்லிமென்ட் தரப்புக்காக எதிரியின் ரகசியக் கடிதங்களை உடைத்துப் படித்துக் கொடுத்தவரும்கூட.

அவருடைய ஆங்கில இலக்கணப் புத்தகம் லத்தீனில் இருந்தது. ஏன்னா அது வெளிநாட்டுக்காரர்களுக்கு. ஆங்கிலத்தை லத்தீன் அச்சில் போட்டு அமுக்காதீர்கள் என்று அப்போதே சொன்ன ஆள் அவர். ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால விகுதி கிடையாது. இரண்டு துணை வினைகள்தான். ஷல் ஆதியில் 'கடன்பட்டிருக்கிறேன்', வில் ஆதியில் 'விரும்புகிறேன்'. எது எப்போது என்று புதுசாகப் படிக்கிறவன் குழம்புவானே என்று கணக்குக்காரர் மூளையில் ஒரு டேபிள் போட்டுக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான்.

வினை பிறகு வந்தது. 1762-ல் ராபர்ட் லௌத், 1795-ல் லிண்ட்லி மரே என்று அடுத்தடுத்து இலக்கணம் எழுதியவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மரேயின் புத்தகம் பள்ளிக்கூடங்களில் சக்கைப்போடு போட்டது. வெளியாட்களுக்கான உதவி, உள்ளூர்க்காரனையே குட்டுகிற கோலாக ஆகிப்போச்சு. 1906-ல் ஃபௌலர் சகோதரர்கள் பக்கம் பக்கமாக விதியை விளக்கிவிட்டு, இது தெற்கு இங்கிலாந்துக்காரனுக்குப் பிறவியிலேயே வரும், மற்றவர்களுக்கு வருவது கஷ்டம் என்றார்கள். அப்புறம் எதுக்குங்க விளக்கம்?

என்னோடு ட்ரெய்னிங்கில் இருந்த ஒரு பையன் கரூர் பக்கம். கோடிங்கில் புலி. "ஐ வில் ஃபினிஷ் டுமாரோ" என்றதை எல்லோர் முன்னாலும் திருத்தினார்கள். அதற்குப் பிறகு மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டான்.

இத்தனைக்கும் 1925-லேயே சார்ல்ஸ் ஃப்ரீஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர், இங்கிலாந்து, அமெரிக்க நாடகங்களின் வசனங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். நூற்றாண்டுக் கணக்கான வசனங்கள். ஐ-க்கும் வில்தான் அதிகம். விதி ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

இப்போ ஷல் பெரும்பாலும் ஒப்பந்தங்களிலும் நம்ம ஸ்பெசிஃபிகேஷன்களிலும்தான் குடியிருக்கிறது. 1997-ல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 ஒரே வரியில் முடித்துவிட்டது: ஷல் என்றாலும் மஸ்ட் என்றாலும் ஒன்றுதான். கரூர்க்காரனுக்கு அந்த லிங்க்கை அனுப்பினேன். "படிச்சேன் மாப்ளே, ஐ வில் ரிப்ளை டுமாரோ" என்று பதில் வந்தது :-)