தீவனத்தில் கலந்த தங்கம்

ஓசூர் என்றதும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும்தான் நினைவுக்கு வரும். அவற்றைவிடப் பழைய தொழில் ஒன்று அந்த ஊருக்கு உண்டு: பிராணி வளர்ப்பு. பக்கத்திலுள்ள மத்திகிரியில் 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அரசு கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்குக் குதிரை தேவைப்பட்டது. மேட்டு நிலத்தின் குளிரும் புல்லும் குதிரைக்கு ஒத்துக்கொண்டன. நூறு வருஷம் கழித்துக் குதிரைகள் போய் மாடுகள் வந்தன. இன்று அதே மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே பட்டப்படிப்பு நடத்தும் கால்நடைப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று இருக்கிறது. குதிரை, மாடு, கோழி. இரண்டு நூற்றாண்டில் யாருக்காக எதை வளர்த்தார்கள் என்பதை இந்த வரிசையே சொல்லிவிடும்.

கோழிக்கு வழிவிட்டது தொழிற்சாலைதான். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை, 1980 வாக்கில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், பின்னாலேயே டைட்டன். மாதச் சம்பளம் வாங்கும் கைகள் பெருகின. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர், நாற்பது கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி வாங்கிய வீடுகளில் புதன்கிழமையும் குழம்பு கொதித்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் 1990-களில் வேரூன்றிய ஒப்பந்தப் பண்ணை முறை இந்த எல்லைக்கும் ஏறி வந்தது.

அந்த முறையின் கணக்கு எளிது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட், தண்ணீர், மின்சாரம், ராத்தூக்கம் விவசாயியுடையது. நெல் உமியோ தேங்காய் நார்த்தூளோ பரப்பிய தரையில் குஞ்சு இறங்கும். நாற்பது நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை பிடித்து லாரி ஏறும். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வளர்ப்புக் கூலி கைக்கு வரும். எடை ஏறத் தின்ற தீவனம் எவ்வளவு என்பதை ‘எஃப்சிஆர்’ என்பார்கள். ஆங்கிலம் தெரியாத பண்ணையாரும் அந்த மூன்று எழுத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஒன்றே முக்கால் கிலோ தீவனத்தில் ஒரு கிலோ எடை ஏறினால் நல்ல பேட்ச். இரண்டைத் தொட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார்.

அந்தப் பின்னத்தைக் கொஞ்சம் கீழே இழுக்கத்தான் ஆன்டிபயாடிக் தீவனத்துக்குள் நுழைந்தது. நோய்க்காக அல்ல.

கதை தொடங்கியது அமெரிக்காவில், நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவர் என்ற ஊரில். அங்கிருந்த லெடர்லி ஆய்வுக்கூடம் 1948-ல் ‘ஆரியோமைசின்’ என்ற மருந்தை வெளியிட்டது. மிசௌரி பல்கலைக்கழக வயல் ஒன்றில் எடுத்த மண்ணில் கிடைத்த பொன்னிற நுண்ணுயிர் சுரந்தது அது; பெயரிலேயே தங்கம் இருக்கிறது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் பி12 வைட்டமின் இருக்கும், கோழிக்குப் போட்டால் என்ன என்று தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் யோசித்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பருத்தன. வைட்டமினால் மட்டும் அவ்வளவு வராது. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் மிச்ச வேலையைச் செய்தது. 1950-ல் செய்தி வெளியாயிற்று. ஒரு டன் தீவனத்துக்குச் சில கிராம் போதும் என்றதும் உலகம் முழுக்கத் தீவன ஆலைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

ஆரியோமைசின் வெளியானபோது லெடர்லியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திப் போய் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ்ஸுக்குப் பதிலாக ஒரு படி குறைந்த எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தவர். அவருடைய சகோதரர்கள் இருவர் ‘ஸ்ப்ரூ’ என்ற குடல் நோயில் அடுத்தடுத்துச் செத்தார்கள். அவரையும் அது பிடித்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். ஸ்ப்ரூ வந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது. பேதி நிற்காது, ரத்தம் வெளுக்கும், ஆள் வற்றிப் போவான். தொற்று ஒன்று வந்து போன பிறகு, பெருங்குடலில் அடங்கிக் கிடக்க வேண்டிய பாக்டீரியா சிறுகுடலில் குடியேறிவிடுவதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று பின்னால் கருதப்பட்டது. மருந்து இரண்டு: ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தைக் கண்டதும் சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆய்வுக்கூடம்தான். ஆரியோமைசின் அறிவிப்பு வந்த அடுத்த மாதமே, 1948 ஆகஸ்டில், அவர் இறந்துபோனார். கோழித் தீவனச் செய்தியை அவர் பார்க்கவில்லை.

ஸ்ப்ரூவின் மீதிக் கதை ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. மாவட்ட எல்லை தாண்டினால் அன்றைய வட ஆற்காடு. அங்கே 1960-களின் தொடக்கத்தில் கிராமம் கிராமமாக ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மதனும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். குடலுக்குள் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்ற கேள்வியை இந்த வட்டாரம் அப்போதே கேட்டுவிட்டது. ‘மைக்ரோபயோம்’ என்ற சொல் பத்திரிகைகளில் புரளத் தொடங்கியது அதற்கு நாற்பது வருஷம் கழித்துத்தான்.

அதே காலத்தில் வெளிநாடுகளில் நடந்த இரண்டு சோதனைகளை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது சிகாகோவில். மார்ஜரி போன்ஹாஃபும் பிலிப் மில்லரும் எலிகளுக்கு ஒரே ஒரு வேளை ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தார்கள். சாதாரண எலிக்கு நோய் வர ஒரு லட்சம் சால்மொனெல்லா கிருமிகள் தேவை. மருந்து தின்ற எலிக்குப் பத்துகூடத் தேவைப்படவில்லை. குடலில் ஏற்கெனவே இருந்த கூட்டம்தான் காவல். மருந்து காவலை எடுத்துவிட்டது.

இரண்டாவது இங்கிலாந்தில், 1963-ல். மேரி கோட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், கிருமி வாசனையே படாமல் மூடிய கூண்டில் வளர்த்த குஞ்சுகளுக்கு ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் போட்டுப் பார்த்தார். எடை கூடவில்லை. ஆக மருந்து கோழியை நேரடியாகப் பருக்க வைக்கவில்லை. கோழியின் குடலில் இருக்கும் பாக்டீரியாவைத்தான் தொட்டது, எடை அதன் வழியாக வந்தது. ஒப்பந்தப் பண்ணையின் எஃப்சிஆர் கணக்கில் நிஜமாக மாறியது குடலின் குடிமதிப்பு. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தத் தொழில் எந்தத் தயக்கமும் காட்டவில்லை என்பதுதான் ஆச்சரியம். சுவீடன் 1986-ல் எடை கூட்டும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது. ஐரோப்பா முழுக்க நிற்க 2006 ஆயிற்று.

இந்தியாவில் 2014-ல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், தலைநகர் வட்டாரத்தில் வாங்கிய 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. 40 சதவீதத்தில் மருந்தின் எச்சம். அடுத்து வந்தது கோலிஸ்டின் விவகாரம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று 1970-களில் ஆஸ்பத்திரிகள் ஒதுக்கிய பழைய மருந்து அது. மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசி ஆயுதமாகத் திரும்பி வந்தது. அதைத்தான் கோழிக்கும் கலந்தார்கள். வாய்வழியாகப் போன கோலிஸ்டின் ரத்தத்தில் ஏறுவது அரிது. குடலிலேயே தங்கி, குடல் பாக்டீரியாவை அடித்துவிட்டு, எச்சத்தோடு வெளியேறும். 2015-ல் சீனாவில் ஒரு மரபணு பிடிபட்டது. கோலிஸ்டினுக்கு அசையாத அந்தத் திறனை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றுச் சரக்குபோலத் தூக்கிக் கொடுத்துவிடும். இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான பிராணிகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது.

பிராணிகளோடு நிற்கும் பழக்கமல்ல இது. சிப்காட் பக்கத்து மருந்துக் கடையில் நைட் ஷிஃப்ட் முடிந்து ஒருவர் வந்து நிற்பார். “அண்ணா, லூஸ் மோஷன்.” கத்தரி எடுத்து ஸ்ட்ரிப்பில் நான்கு மாத்திரை வெட்டித் தருவார் கடைக்காரர். பெரும்பாலும் நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பேதிக்குக் காரணம் வைரஸாக இருந்தால் மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. குடலில் நார்ப்பொருளைப் புளிக்க வைத்துப் பெருங்குடல் சுவருக்கு உணவு தரும் பாக்டீரியாவைத்தான் அடிக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டு முறை கொடுத்து மூன்று பேரின் குடலைப் பத்து மாதம் தொடர்ந்து பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2011-ல் வந்தது. கூட்டம் திரும்பக் கூடியது, ஆனால் பழைய ஆட்கள் எல்லோரும் வரவில்லை.

நான்கு மாத்திரை வாங்கியவரின் பாட்டி காலத்தில் இதே வட்டாரம் காலையில் குடித்தது ராகிக் கூழ். மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க விட்டு, நொய்யரிசி வேகும் உலையில் ஊற்றிக் கிண்டி, மண்பானையில் ஆறவைத்து, மறுநாள் மோர் விட்டுக் கையால் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். இன்றும் ராகி விளைச்சலில் கிருஷ்ணகிரி முன்வரிசை மாவட்டம். காலைச் சாப்பாட்டில்தான் பின்னுக்குப் போய்விட்டது. வெந்து ஆறிய மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே பாக்டீரியா அதைத் தின்று சிறிய கொழுப்பு அமிலங்களாக்கும். அவை உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் இழுக்கும். வேலூரில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு காலரா நோயாளிகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு இந்த மாதிரி செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்து, பேதி குறைந்ததை 2000-ல் நிரூபித்தது. அவர்கள் பயன்படுத்தியது மக்காச்சோள மாவு. கூழுக்கு யாரும் பேடன்ட் வாங்கவில்லை, கூழ் எல்லா நோய்க்கும் மருந்தும் அல்ல. குடல் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதற்குத் தீனி போட்டே பேதியை அடக்க முடியும் என்பதை கிருஷ்ணகிரியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் ஓர் ஆஸ்பத்திரி காட்டியது, அவ்வளவுதான். கத்தரி இன்னும் ஸ்ட்ரிப்பை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பேட்ச் முடிந்த ஷெட்டில் கோழி போனதும் உமி மிஞ்சும். எச்சத்தில் ஊறி, இறுகி, கண் எரிய வைக்கும் அமோனியா நெடியோடு. மண்வெட்டியால் சுரண்டி மூட்டை கட்டி டிராக்டரில் ஏற்றுவார்கள். கோழி எருவுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நல்ல கிராக்கி. கோழி தின்ற டெட்ராசைக்ளினில் பெரும் பங்கு உருமாறாமல் அதில் இருக்கும். அதற்குப் பழகிய பாக்டீரியாவும் இருக்கும். ராயக்கோட்டைத் தக்காளி நிலத்தில் எருவைக் கொட்டி உழுது போட்டபின் கோடை மழை விழுந்தால் மண்வாசனை எழும். அந்த வாசனையைச் சுரப்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிர் இனம். பேர்ல் ரிவருக்கு ஆரியோமைசினைக் கொடுத்ததும் அதுவே.