மாத்திரை அட்டையை யார் படிக்கிறது?

இந்த வாரம் பேச நினைச்சிருந்தது வேற விஷயம். அதைத் தள்ளி வெச்சுட்டேன். எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு கேட்ட ஒரு கேள்வி ரெண்டு வாரமா மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. அதுதான் காரணம்.

நான் இருக்கிறது திருத்தணி. அந்தப் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். வீட்டில பேசுறது தெலுங்கு. அம்மாவுக்குத் தறி வேலை. ராணுவ நர்சிங் கல்லூரியில் பி.எஸ்சி. சேரணும் என்பது அவள் ஆசை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் நர்சிங் சேர பிளஸ் டூ மார்க் போதும். ராணுவக் கல்லூரிக்கு அப்படி இல்லை. நீட் மார்க் வேணும், அதுக்கு அப்புறம் பொது அறிவுத்திறனும் பொது ஆங்கிலமும் சேர்ந்த ஒரு தேர்வு, அப்புறம் நேர்காணல். உயிரியல்ல அவ கெட்டி. பயம் எல்லாம் இங்கிலீஷ்ல, அதிலும் ஒரு பத்தியைக் கொடுத்து கீழே கேள்வி கேக்கிற பகுதியில. அதனால சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரெண்டு பேருமா பழைய மாதிரித் தாள்களைப் போட்டுப் பார்க்கிறோம்.

ஒரு நாள் வந்த பத்தி தேனீக்களைப் பத்தி. அஞ்சு கேள்வியில மூணு தப்பு. பேனாவை வெச்சுட்டு கேட்டா: "அக்கா, ஊசி போடறதுக்கு தேனீ எதுக்கு?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரல. சரித்திரம் பேசுறவங்கிட்ட இப்படிக் கேட்டா என்ன பண்ணுவேன்? போய்த் தேடினேன்.

நர்சுக்குப் படிக்கத் தெரியணும் என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது? 1860 ஜூலையில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதல் அணியில் 15 பெண்கள். ஒரு வருஷப் பயிற்சி. வகுப்பில் குறிப்பெடுக்கணும், வார்டில் பார்த்ததை எழுதி வைக்கணும். அதுக்கு முன்னால் அந்த ஊர் மருத்துவமனைகளில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களை யாரும் 'படிச்சவங்க' என்று எதிர்பார்க்கவில்லை. நைட்டிங்கேல் கேட்டது அடிப்படையான ஒண்ணு. பார்த்ததை எழுத வேண்டும், எழுதியதை அடுத்த ஷிப்டில் வருகிறவர் படிக்க வேண்டும்.

இதோட இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. செவிலியம் பத்தி அந்தம்மா எழுதிய சின்னப் புத்தகத்தில், சத்தம் பற்றிய அத்தியாயத்தில், நோயாளிக்கு வாசித்துக் காட்டுவது எப்படி என்று ஒரு இடம் வரும். சீக்கிரம் முடிச்சா அவருக்கு அலுப்பு கம்மி என்று நினைத்து வேகமாக வாசிப்பது பெரிய தப்பு, நிதானமா வாசிக்கணும் என்கிறார். 1861-ல் அதே புத்தகத்தை உழைக்கும் மக்களுக்காக எளிமைப்படுத்தி, குறைந்த விலையில் தனியாக வெளியிட்டார். எல்லாரும் ஒரே மாதிரி படிக்க மாட்டாங்க என்பது அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

ஆனா லண்டனில் படிக்கிறதுன்னா அவங்க வீட்டில பேசுற மொழியில படிக்கிறது. அந்த நிபந்தனை மதராசுக்குக் கப்பலேறி வந்தப்போ விஷயமே மாறிப் போச்சு. மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் நர்சிங் பயிற்சி 1871-ல் ஆரம்பமானது. ஆரம்ப வருஷங்களில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பெண்கள். ஜாதி, வீட்டுக் கட்டுப்பாடு, நோயாளியைத் தொடுற வேலை மேல இருந்த இளக்காரம் என்று காரணம் பல. மொழியும் ஒண்ணு. 1901 கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் நூறு பெண்களில் ஒருத்தருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. அதில் இங்கிலீஷ் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க? பாடமும் தாளும் இங்கிலீஷ் என்று முடிவு பண்ணின அன்னைக்கே, யார் நர்ஸ் ஆகலாம் என்பதிலும் பாதி முடிவாகிப் போச்சு.

வேற வழி இருந்ததான்னு கேட்டா, இருந்தது. அதுக்கு நாம கடல் தாண்டி யாழ்ப்பாணம் போகணும். நர்சிங் பள்ளி இல்லை, மருத்துவப் பள்ளிதான். ஆனா நம்ம கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேற எங்கேயும் எனக்குக் கிடைக்கல.

சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ்காரர், மிஷன் டாக்டர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அடுத்த வருஷம் மானிப்பாயில் உட்கார்ந்து வைத்தியமும் பார்த்தார், உள்ளூர்ப் பையன்களுக்கு வைத்தியமும் சொல்லிக் கொடுத்தார். முதலில் இங்கிலீஷில்தான். சில வருஷத்தில் ஒண்ணு கவனிச்சார். இங்கிலீஷில் படிச்சு முடிச்சவங்க கிராமத்தில் நிக்கறதில்லை. அரசாங்க உத்தியோகம், பட்டணம், நல்ல சம்பளம் என்று கிளம்பிடறாங்க. மானிப்பாய்க்காக உருவாக்கின ஆள் மானிப்பாயில் இல்லை.

1860-களில் அவர் பாடத்தையே தமிழுக்கு மாத்திட்டார். சொல்லும்போது சுலபமா இருக்கு. பாடப் புத்தகம் எங்கே? அதையும் அவரே, மாணவர்களைக் கூட வெச்சுக்கிட்டு மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம் 1857-லேயே வந்திருந்தது. இரண வைத்தியம், அதாவது அறுவைச் சிகிச்சை, 1867. கிரேயின் உடற்கூறு நூல், இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் தூக்கிச் சுமக்கிற அதே கிரே, 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-ல் தமிழில் வந்தது. வேதியியலுக்கு 'கெமிஸ்தம்'. இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்க, வாயில் நல்லாத்தான் உட்காருது. தமிழில் சொல் இருந்தால் அது, இல்லையென்றால் சமஸ்கிருதம், அதுவும் இல்லையென்றால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் உச்சரிப்புக்கு வளைச்சு எடுத்துக்கிறது என்று போனார். கலைச்சொல் தொகுப்புகளும் போட்டார். 1873-ல் ஊர் திரும்பினப்புறமும் வேலையை விடல. 1884-ல் இறக்கும் வரை அமெரிக்காவில் உட்கார்ந்து தமிழில் வைத்திய நூல் எழுதிக்கிட்டிருந்தார்.

அவரிடம் படித்தவர்கள் அறுபதுக்கு மேல். அதில் பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள். அவர் போனப்புறம் அந்தத் தமிழ் வகுப்பு நெடுநாள் நிக்கல. 1870-லேயே கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி வந்தாச்சு, பாடம் இங்கிலீஷ். சம்பளம் தர்ற இடம் எந்த மொழியோ, பிள்ளைகளும் அந்தப் பக்கம்தானே போவாங்க. கிறீனை ஒரு தோத்துப் போன ஆளாகச் சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. தமிழில் முடியாது என்ற பேச்சை அவர் முடிச்சு வெச்சுட்டார். அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் முடியுமா முடியாதா என்பதைப் பத்தியது இல்லை. வேலை எந்த மொழியில் கிடைக்கும் என்பதைப் பத்தியது.

சரி, நம்ம பக்கம் திரும்பி வருவோம். திருத்தணிக்குப் பக்கத்துல வேலூர். 1900-ல் ஐடா ஸ்கடர் டாக்டராக அங்கே வந்து சேர்ந்தார். பிறந்ததே ராணிப்பேட்டையில்தான். அதே சமயத்தில் திருத்தணியில் பிறந்த ஒரு பையன், பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், திருப்பதிப் பள்ளிக்கூடத்தை முடிச்சுட்டு வேலூர் ஊரிஸ் கல்லூரிக்குப் படிக்கப் போனார். ஊரிஸை நடத்தியதும் ஐடாவின் குடும்பம் இருந்த ஆற்காடு மிஷன்தான். படிப்பு வேணும்னா ஊரை விட்டுப் போகணும், போற இடத்தில் இங்கிலீஷ் வேணும். ஆம்பளைப் பசங்களுக்கே அப்படி.

ஐடா 1909-ல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பெண்கள் சேருவாங்களா, அரசாங்கத் தேர்வில் தேறுவாங்களா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். 1922-ல் முதல் அணியில் 14 பேர் தேறி வெளியே வந்தார்கள். 1946-ல் அதே இடத்தில் பி.எஸ்சி. நர்சிங் ஆரம்பம், இந்தியாவில் டெல்லியும் வேலூரும்தான் முதல். நர்ஸ் பட்டதாரி ஆன வருஷம் அது.

அதே 1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. போர் என்றால் சண்டை இல்லை, ஜோசப் போர் என்ற அதிகாரி பெயர். நாட்டில் பதிவு பெற்ற நர்சுகள் சுமார் 7,000 பேர், 43,000 மக்களுக்கு ஒருத்தர் என்று அதில் கணக்கு. அவ்வளவு பஞ்சத்தில் எல்லாரிடமும் மெட்ரிக் கேட்டா எங்கே போறது? அதனால ரெண்டு தரமான நர்சுகள் வேணும், ஒண்ணுக்கு நடுநிலைப் பள்ளிப் படிப்பு போதும், இன்னொண்ணுக்கு மெட்ரிக் என்று பரிந்துரை. அப்புறம் 1950-களில் துணைச் செவிலியர்-மருத்துவச்சி படிப்பு வந்தது, ஏழாம் வகுப்பு முடிச்சிருந்தா சேரலாம். நம்ம ஊர்ல துணை சுகாதார நிலையத்தில் பார்க்கிற கிராம சுகாதார செவிலியர் அந்த வழியில வந்தவங்க. 1977-ல் அந்தத் தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது, இப்போ பிளஸ் டூ. வாசல்படி ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படி உசந்துக்கிட்டே வந்திருக்கு. நம்ம மலைக்கு 365 படி, அது கூடாம குறையாம அப்படியே இருக்கு. இது மட்டும் ஏறிக்கிட்டே போகுது.

இதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரிக்கா, தேனீ?" என்றாள்.

பதில் அவள் வீட்டிலேயே இருந்தது. அவள் பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவங்க என்றுதான் நான் நினைச்சிருந்தேன். தப்பு. பாட்டி ரெண்டாவது வரைக்கும் படிச்சவங்க, தெலுங்கில். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானப்போ திருத்தணி சித்தூர் மாவட்டத்தோட அந்தப் பக்கம் இருந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள், நியாயம்தான். எனக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனா பாட்டி கத்துக்கிட்ட எழுத்துக்கு அதுக்கப்புறம் ஊரில் அவ்வளவா வேலை இல்லாம போச்சு. பஸ் போர்டு தமிழ். மாத்திரை அட்டை இங்கிலீஷ். பாட்டிக்குப் படிக்கத் தெரியும், படிக்கத்தான் ஒண்ணும் கிடைக்கல.

போன வருஷம் பாட்டி ஒரு வாரம் ரத்த அழுத்த மாத்திரையை ரெண்டு மடங்கா சாப்பிட்டிருக்காங்க. பச்சை அட்டை ஒண்ணு, நீல அட்டை ஒண்ணு என்று கலரை வெச்சுத்தான் அவங்களுக்குக் கணக்கு. மருந்துக்கடையில் அதே மருந்தை வேற கம்பெனி அட்டையில் கொடுத்துட்டாங்க. பாட்டி பழசையும் போட்டு, புதுசையும் போட்டிருக்காங்க. எழுந்து நின்னப்போ தலை சுத்தி விழுந்தாங்க. நல்ல வேளை, கையில அடி, அவ்வளவுதான். ரெண்டு அட்டையையும் திருப்பிப் பார்த்து, மருந்துப் பெயர் ஒண்ணுதான் என்று கண்டுபிடிச்சது யாரு? இந்தப் பொண்ணுதான். நிதானமா, எழுத்து எழுத்தா படிச்சு.

வார்டில் இது தினமும் நடக்கிற வேலை. டோபமின் என்று ஒரு மருந்து, டோபுடமின் என்று ஒரு மருந்து. ரெண்டும் வேற வேற. மில்லிகிராம் என்பதை மைக்ரோகிராம் என்று படிச்சா ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதனால படிக்கத் தெரியணும்னு கேக்கிறதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். தேனீ பத்தின பத்தியை வெச்சு அதை அளக்க முடியுமா என்பதுதான் என் சந்தேகம். அந்தப் பத்தி பாதி அளக்கிறது, வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் வந்ததா இல்லையா என்பதை.

சரி, தேர்வு எழுதியே ஆகணும். அவ தப்பு பண்ற இடங்களை எடுத்து வெச்சுப் பார்த்தேன். வார்த்தை தெரியாம வந்த தப்பு கம்மி. தமிழிலும் தெலுங்கிலும் 'வந்தால்', 'வராவிட்டால்' என்ற நிபந்தனை வினையோட வாலில் வரும், வினையும் கடைசியில் வரும். நாம வாக்கியத்தின் முடிவுக்காகக் காத்திருந்து பழகினவங்க. இங்கிலீஷில் 'அன்லெஸ்' முன்னாடியே வந்து நிக்கும், 'நாட்' நடுவுல ஒளிஞ்சிருக்கும். நம்ம கண்ணு அதைத் தாண்டி கடைசிக்கு ஓடிடுது. கேள்வியில் 'எக்செப்ட்' இருந்தா அவ்வளவுதான், சரியான விடையைத் தேடி டிக் அடிச்சுட்டு வந்துடுவா. ஒரு பயிற்சி மையத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது, பத்தியைப் படிக்காதே, கேள்வியில் இருக்கிற வார்த்தையை மட்டும் பத்தியில் தேடு என்பது. அந்த வித்தைதான் அவளைக் கவுத்தது. கேக்கிறவங்களுக்கும் அந்த வித்தை தெரியுமே, அதே வார்த்தையைத் தப்பான விடையிலும் போட்டு வெச்சிருப்பாங்க.

இப்போ நாங்க பண்றது இவ்வளவுதான். முதலில் கேள்விகளை ஒரு தடவை பார்க்கிறது. அப்புறம் பத்தியை வாய்விட்டு, மெதுவா வாசிக்கிறது. 'அன்லெஸ்', 'நாட்', 'பட்' வந்தா பென்சிலால் வட்டம். ஒவ்வொரு வாக்கியத்தையும் பாட்டிக்குத் தெலுங்கில் சொல்லணும். பாட்டிக்குப் புரியலைன்னா இவளுக்கும் புரியல என்று அர்த்தம். தேனீ பத்தியைப் பாட்டி முழுசா கேட்டாங்க. ராணித் தேனீ செத்துப் போனா மத்ததெல்லாம் என்ன பண்ணும் என்று பாட்டி கேட்டதுக்குப் பத்தியில் பதில் இல்லை. அதுக்காக மறுநாள் இவ நூலகத்துக்குப் போய்ட்டு வந்தா.

நேத்து போட்ட தாளில் அஞ்சுக்கு நாலு. போன ஒண்ணு 'அன்லெஸ்'தான். பென்சில் வட்டம் போட்டிருந்தா, போட்டுட்டு மறந்துட்டா.

அடுத்த எபிசோடில் அந்த 1960 எல்லை மாற்றத்தையே எடுத்துக்கலாம்னு இருக்கேன். உங்க வீட்டிலும் பாட்டி தாத்தா யாராவது அப்போ பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தா, எந்த மொழியில் ஆரம்பிச்சு எந்த மொழியில் முடிச்சாங்க என்று கேட்டு எழுதுங்க.