படியாளும் பாடநூலும்

பொருளியல் ஆனர்ஸ் பயில மீஞ்சூரில் இரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் தோழர்களே, நாம் ஒரு வரலாறு கூறுவோம். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியராக வந்தவர் ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஏடு போதுமென்றாரில்லை, விடுமுறையிலே சொந்தச் சிற்றூரைக் கணக்கெடுத்து வரச் சொன்னார் மாணவர்களை. நிலம் யாருக்கு? கூலி எவ்வளவு? கடன் எத்தனை? விடைகள் 1918-இல் நூலாயின.

அதிலே தலைகாட்டினான் படியாள்! தந்தை பட்ட கடனுக்கு மகன் அடிமை. நிலம் கைமாறினால் அவனும் உடன் கைமாறுவான். தேவை, வழங்கல் விதியில் இதற்கு இடமுண்டோ? திண்ணைக்கு எதிரே நின்ற உண்மை, வெள்ளைக்காரப் பேராசிரியர் கேட்கவே மாணவர் ஏட்டில் ஏறிற்று!

அவ்வூர்களுள் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு ஆய்வாளர் மீண்டும் மீண்டும் சென்றனர். 2008-இல் சென்றோர், தாழ்த்தப்பட்டோர் பண்ணையாரை அண்டிப் பிழைக்கும் நிலை பெரிதும் தகர்ந்திருக்கக் கண்டனர்.