மரியாதை என்னும் வரப்பு

ஒரு சொல்லை நாள்தோறும் வழங்குவது வேறு. அதன் பிறப்பை அறிந்து வழங்குவது வேறு. ‘மரியாதை தெரியாதவன்’ என்று ஏசுகின்றோம்; ‘மரியாதைக்குரிய ஐயா’ என்று கடிதம் தொடங்குகின்றோம். ஆயினும் மரியாதை என்பது யாது என்று வினவினால், பணிதல், குனிதல், கைகட்டி நிற்றல் என்றே பலரும் விடை பகர்வர். சொல்லின் வரலாறோ வேறு கூறுகின்றது.

இது வடமொழியிலிருந்து தமிழிற் புகுந்த சொல். அங்கே ‘மர்யாதா’ என்பதற்கு எல்லை, கரை என்பனவே முதற்பொருள். பின்னர் மீறலாகாத ஒழுங்கு என்னும் பொருள் கிளைத்தது. தமிழில் பிறரை மதித்து நடத்தல் என்று நிலைபெற்றது. மலாய் மக்கள் வழங்கும் ‘ஹொர்மாட்’ என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. அதன் தாய்ச்சொல்லாகிய அரபுச் சொல், மீறித் தொடலாகாத தூய்மையைக் குறிப்பது; விலக்கப்பட்டதைச் சுட்டும் ‘ஹராம்’ அதனோடு ஒரே வேரிற் பிறந்தது. ஆங்கிலேயரின் ‘ரெஸ்பெக்ட்’, திரும்பிப் பார்த்தல் என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. கண்டும் காணாதவர் போலப் போகாமல் ஒருவரை மீண்டும் நோக்குதலே மதிப்பு என்பது அதன் உட்கருத்துப் போலும். வளைதலைக் குறிப்பது நம் ‘வணக்கம்’ ஒன்றே. அதையும் நாம் இருவராகவே கூறிக்கொள்கின்றோம்.

நாம் வாழும் கெப்பாலா பத்தாஸ் என்னும் ஊர்ப்பெயரே இதற்கு ஓர் உரை எனலாம். மலாய் மொழியில் ‘கெப்பாலா’ என்பது தலை. நம் ‘கபாலம்’ அதற்கு உறவு. ‘பத்தாஸ்’ என்பது எல்லை; வயல் வரப்பும் அதுவே. செபராங் பிறையின் வடபகுதி நெல் விளையும் நிலமாதலின், வரப்பின் இயல்பை இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அது எவரையும் தாழ்த்துவதில்லை. இருபுறத்து வயலுக்கும் நீரை நிறுத்துகின்றது. ஒருவன் அதை வெட்டினால் இருவர் பயிரும் கெடும்.

நம் தோட்டங்களில் மரியாதை இவ்வாறா இருந்தது? 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு அவர்கள் வேறொன்றும் கேட்டனர். துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் தொலைய வேண்டும் என்பதே அது. கூலிக் கணக்கிற்கு நிகராகச் சைக்கிளையும் வைத்தனரென்றால், அந்த அவமானம் எத்துணை உறுத்தியிருக்கும்! தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

வாசகர்களே, அந்த ‘ஆசிய உத்தியோகஸ்தர்’ யாவர்? கிராணிமார், அதாவது நம் இனத்தார், நம் தொழிலார். துரையின்மேற் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது.

நம் ஆபீசுக்குக் காகிதம் கேட்டு வரும் பெரியவர் ஒருவர், இன்றும் வெளிவாசலிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருகின்றார். “ஏன் தாத்தா, ஏறியே வரலாமே?” என்றோம். “எங்கப்பா அப்படித்தான் பழக்கினாரு, கிராணி ஐயா” என்றார். நம் வயதோ அவர் வயதிற் பாதியும் இராது. நாம் எழுந்து நாற்காலியை அவர்பால் நகர்த்தினோம். அவர் அமரத் தயங்கினார். சட்டம் போயிற்று, வழக்கம் மட்டும் தந்தை உடலிலிருந்து மகன் உடலுக்கு இறங்கி வந்திருக்கின்றது.

ஒருவன் மட்டும் இறங்கி நடப்பது மரியாதை அன்று, அது அச்சம். இருவரும் ஒரே எல்லையைக் காப்பதே மரியாதை. பெரியவர் அடுத்த முறை வரும்போதும் இறங்கியே வரக்கூடும். அன்று அவரைத் திருத்த நாம் முயலப் போவதில்லை. வாசல்வரை நடந்து சென்று அவருடன் சேர்ந்து வருவோம். வரப்பின் மறுபுறத்தைக் காக்கும் கடமை நம்முடையதன்றோ?